கடுக்காய் மரம்: பக்கம் மூன்று முதல் பதினொன்று வரை

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் மணிமொழிக்குப் பன்னிரண்டு வருசமாகத் தாவரவியல் வேலை. கௌரவ விரிவுரையாளர் என்று பேர். கௌரவம் பேரோடு சரி, வேலை வருசத்துக்கு வருசம் தொங்கல்தான். அதனால்தான், யாரும் காசில்லாமல் படிக்கிற பாடநூலை இணையத்தில் எழுதி வெளியிடச் சொல்லித்தரும் ஆறு நாள் ஆன்லைன் பயிற்சியில் விழுந்தடித்துச் சேர்ந்தாள். கடைசி நாள், எல்லார் முன்னாலும் ஒரு பாடத்தை வெளியிட வேண்டும். தனியாக எழுதியது என்றால் நிரந்தர வேலைக்கான நேர்காணலில் எடுபடும்.

அவள் எழுதியது கடுக்காய் மரம். பெருமை தாங்காமல் ஐந்தாம் நாள் சாயங்காலம் இணைப்பைத் தன் கல்லூரிப் பிள்ளைகளின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். படிக்க மட்டும் விடுகிற இணைப்பு இல்லை அது, எழுதவும் விடுகிற இணைப்பு. அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் மதியம் மழை. ஜன்னலுக்கு வெளியே கல்வராயன் மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. பயிற்சியாளர் வெங்கடேசன் அவள் பேரைக் கூப்பிட, அறுபது ஆசிரியர்கள் பார்க்கத் திரையில் பாடத்தைத் திறந்தாள். மூன்று பக்கம் பதினொன்றாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வரி முளைத்தது.

மலையிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளின் வேலை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியவர் பேர் தெரிந்தது. 'பூ வுடுற நேரத்துல மரத்தடில நின்னா ஒரு மாதிரி வாடை அடிக்கும்' என்று எழில்மதி. 'காய் பொறுக்க எங்கம்மா விடியறதுக்குள்ள போவும்' என்று இன்னொருத்தி. மணிமொழி படித்துக்கொண்டே போனாள். வாடை மூக்கில் ஏறியது. காலடியில் சருகு ஈரமாக இருந்தது. யாரோ மேலே கிளையை உலுக்க, காய்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. எவ்வளவு நேரம் அங்கே நின்றாளோ, அவளுக்கே தெரியாது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றார் வெங்கடேசன்.

அப்போதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. வாட்ஸ்அப்பில் பேசுகிற நினைப்பில் இளமாறன் எழுதியது. 'ஏய் எழிலு, மேடம் மரத்தையே பாத்தது இல்ல போல. பாவம். சனிக்கெழம கூட்டிக்கினு போலாமா?'

அறுபது பேரும் படித்திருப்பார்கள். காது சுட்டது. பொய்யென்றால் கோபப்பட்டிருக்கலாம். பன்னிரண்டு வருசமும் படத்தைக் காட்டித்தான் பாடம் நடத்தியிருக்கிறாள்.

"பயப்படாதீங்க," என்றார் வெங்கடேசன். "பழைய பதிப்புக்குப் போற பட்டன் மேலயே இருக்கு. அமுக்கினா உங்க மூணு பக்கம் அப்படியே வந்துடும். உங்க பேர்லயே வெளியிடலாம்."

அம்புக்குறியைப் பட்டன் மேல் வைத்தாள். வேலை வேண்டும். ரொம்பவே வேண்டும். தன் மூன்று பக்கத்துக்குள்ளும் ஒருமுறை போய் நின்று பார்த்தாள். அங்கே மரமே இல்லை.

ஆசிரியர் பெயர்க் கட்டத்தில் எழில்மதி, இளமாறன் என்று தொடங்கி ஒன்பது பிள்ளைகளையும் எழுதிவிட்டு, கடைசியில் தன் பேரைச் சேர்த்தாள்.

"அந்தக் கடைசி வரியையாவது எடுத்துடுங்க மேடம்," என்றார் வெங்கடேசன்.

"இருக்கட்டுங்க."

அதன் கீழே, 'மொத பஸ்ஸுக்கே வந்துடறேன்' என்று எழுதிவிட்டு வெளியிட்டாள்.