பதினைந்து ஹண்ட்ரட்வெயிட்

விடிந்தும் விடியாத குளிரில் இரும்புச் சங்கிலி மாரிசாமியின் உள்ளங்கையைக் கடித்தது. இழு, விடு, இழு. ஒவ்வோர் இழுப்புக்கும் தலைக்கு மேல் தொங்கிய செயின் பிளாக் நறநறவென்று அரைபட்டது. கறுப்புக் கிரானைட் கல் விரற்கடை எழும்பியது. மைசூரு ரிங் ரோட்டை ஒட்டிய கல் பட்டறை அது. கணுக்கால்வரை கல் அறுத்த சேறு. தோள்பட்டை கழன்று போகிற வலி. வலிக்காமல் என்ன செய்யும்? விஜயநகரில் புது வீடு கட்டுகிறவர்களின் சமையல் மேடை பின்னே எப்படி வழவழக்கும்!

கல்லுக்குப் பக்கத்தில் கடப்பாரையோடு குனிந்து நின்றான் லிங்கப்பன், மாரிசாமியின் தங்கை வள்ளியாத்தாளின் புருஷன். இருவரும் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் ஆட்கள்.

"மச்சான், செத்த நிறுத்துங்க. கல்லு இக்கட்டால சாயுது."

"நிறுத்தாதே! பேக பேக, சீக்கிரம்!" என்று கத்தினான் மேஸ்திரி மல்லப்பன். "லாரி நிக்குது."

மாரிசாமி இன்னொரு இழுப்பு இழுத்தான். வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். அறுந்த சங்கிலி சுழன்று வந்து தகரத் தடுப்பைக் கிழித்தது. கல் விழுந்தது.

லிங்கப்பன் முதலில் கத்தவே இல்லை. தன் கால் எங்கே என்று தேடுகிறவன்போல் குனிந்து பார்த்தான். பிறகுதான் அலறினான். அந்த அலறலில் அறுக்கும் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடப்பாரைகளைக் கொடுத்து நெம்பிக் கல்லைத் தூக்கியபோது முழங்காலுக்குக் கீழே எலும்பும் சதையும் சேறும் பிரிக்க முடியாமல் கலந்து கிடந்தன. வெள்ளைச் சேற்றில் ரத்தம் ஓடிப் பரவியது. லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். காலை எடுத்துவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வள்ளியாத்தாள் போன் செய்தபோது மாரிசாமி அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தான். கையில் சட்டைத் துணி ஒட்டியிருந்தது. லிங்கப்பனுடையது.

உச்சி வெயிலுக்கு முன் பட்டறை முதலாளி உமேஷ் சாவ்கார் காரில் வந்து இறங்கினான். வந்ததும் காயப்பட்டவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டானா? ஹூம்!

"நோடு மாரிசாமி. கல்லு பன்னெண்டு குவிண்டால். செயின் பிளாக் பதினஞ்சு குவிண்டால் தாங்கும். அப்ப தப்பு யாருது? கல்லுல பெல்ட்டைச் சரியா கட்டாத லிங்கப்பன் தப்பு. போலீஸ் கேட்டா எல்லாரும் இதையே சொல்லணும். ஹொஸ சங்கிலி வந்திருக்கு, புத்தம் புதுசு. மாட்டிட்டுக் கல்லை ஏத்துங்க."

மூடிப்போன ஏதோ மில்லின் ஏலத்தில் சல்லிசாய் எடுத்த செயின் பிளாக் அது. அதன் தகட்டில் '15 சி.டபிள்யூ.டி.' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. அது ஹண்ட்ரட்வெயிட், ஹண்ட்ரட் என்றால் நூறு, நூறு கிலோ என்றால் குவிண்டால் என்று வாங்கி வந்த அன்றைக்கு உமேஷ்தான் சொன்னான். ராகியும் மஞ்சளும் குவிண்டால் குவிண்டாலாய் நிறுத்து வளர்ந்த ஹனூர்க்காரர்களுக்கு அதில் என்ன சந்தேகம் வரும்? மாரிசாமிதான் சிவப்புப் பெயிண்டில் '1500 கிலோ' என்று பளிச்சென்று எழுதினான். எழுத்து அழகாயிருக்கிறது என்று லிங்கப்பன்கூடச் சொன்னான், பாவி.

புதுச் சங்கிலி மாட்டக் கீழே இறக்கிய செயின் பிளாக்கின் அருகே குனிந்தாள் பாலீஷ் போடுகிற ஜோதிமணி. தகட்டு எழுத்தைப் போனில் தட்டிப் பார்த்தவள் ஓடி வந்தாள்.

"ஏனுங்ண்ணா, இது குவிண்டாலே இல்லீங்! வெள்ளக்காரன் காலத்து நிறை. ஒரு ஹண்ட்ரட்வெயிட்டுக்கு நூத்திப்பன்னண்டு பவுண்டு."

"நூறுன்னு பேரு வெச்சு நூத்திப்பன்னண்டா?" என்றான் மாரிசாமி.

"அதென்ன எழவோ! பவுண்டு அரைக் கிலோகூட வராதுங். மொத்தமே அம்பது கிலோச் சில்லறைதான். பதினஞ்சால பெருக்குங்க."

எழுநூற்று அறுபத்திரண்டு கிலோ. அவரவர் போனில் போட்டுப் பார்த்தார்கள். யார் போட்டாலும் அதுதான் வந்தது. மழை விட்டதிலிருந்து தினமும் ஆயிரத்துக்கு மேல் தூக்கியிருக்கிறார்கள். மாரிசாமி தன் உள்ளங்கையைப் பார்த்தான். எழுதிய கையும் இழுத்த கையும் ஒன்றே அல்லவா?

"சாவ்காரே, இதுல பாதிச் சுமைதான் தாங்கும். என்ற மாப்ள மேல பழி போடாதீங்க. இதை இனி மாட்டவும் கூடாது."

"அது லண்டன் கணக்கு," என்றான் உமேஷ். "இங்க நான் சொல்றதுதான் கணக்கு. மல்லப்பா, அந்தத் தகட்டைப் பேத்து எறி."

மல்லப்பன் உளியும் சம்மட்டியுமாக வந்தான். மாரிசாமி செயின் பிளாக்கின் மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டான். சம்மட்டிக் காம்பு முதுகில் இறங்கியது. மறுபடி இறங்கியது. நெற்றி இரும்பில் மோதிப் பிளந்தது. அவன் பிடியை விடவில்லை.

"கொல்றான்டி!" என்று ஜோதிமணி அலறினாள். பட்டறையே பாய்ந்தது. கன்னடத்துக்கார மல்லம்மா ஒரு வாளிச் சேற்றை மல்லப்பனின் முகத்தில் வீசினாள். நான்கு பேர் அவனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். அவன் வாயிலிருந்து பல் தெறித்தது. ரத்தம் வழியும் கண்ணோடு எழுந்த மாரிசாமி சம்மட்டியை எடுத்து அவன் காலுக்கு நேரே ஓங்கினான். காலுக்குக் கால்!

ஜோதிமணி அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள். "வேண்டாங்ண்ணா! இவன் காலை ஒடைச்சா, அதோட நம்ம நாயம் செத்துப்போகும்!"

சம்மட்டி சேற்றில் விழுந்தது. மாரிசாமி விம்மி விம்மி அழுதான். "நாந்தானே எழுதினேன், ஜோதி..."

"நீங்க எழுதினீங்க. நாங்க அத்தனை பேரும் நம்பி வேலை செஞ்சோம். தனியாச் சொமக்காதீங்க."

மல்லம்மா தன் முந்தானையைக் கிழித்து அவன் நெற்றியில் கட்டினாள். செயின் பிளாக்கைச் சுற்றி எல்லாரும் தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்தார்கள். லாரி டிரைவரும் இறங்கி வந்து உட்கார்ந்தான். உமேஷ் காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு போலீசுக்குப் போன் செய்தான். வேலையை விட்டுத் துரத்துவேன், குடியிருக்கிற ஷெட்டைக் காலி செய்ய வைப்பேன் என்று கண்ணாடிக்குள்ளிருந்து கத்தினான். பயம் எல்லாருக்கும் இருந்தது. ஒருவரும் நகரவில்லை.

ஜீப் வந்தது. இறங்கிய இன்ஸ்பெக்டர் லத்தியால் கேட்டைத் தட்டினார்.

"யாரு இங்க லீடர்? எழுந்திரு!"

மாரிசாமி எழப் போனான். இரண்டு பக்கத்துக் கைகளும் அவனை அழுத்தி உட்கார வைத்தன.

"கால் போனவரு ஆஸ்பத்திரியில இருக்காருங்," என்றாள் ஜோதிமணி. "மீதி லீடரெல்லாம் இங்கதான் உக்காந்திருக்கோம்."