தூங்காத கங்காணி

மூன்றாம் முறை பிந்தினால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு முறை பிந்தியாகிவிட்டது.

பதுளையில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன். காலை எட்டு மணிக்கு வகுப்பு. நான் இருப்பது மடுல்சீமைக்கும் அப்பால், பள்ளத்துக்குள் கிடக்கும் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவு லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். நடந்து போய் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் பதுளையை அடைய எட்டரை தாண்டும். அண்ணன் விஜேந்திரன் கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போன மோட்டார் சைக்கிளை விட்டால் எனக்கு வேறு கதி கிடையாது. அது உதைத்துக் கிளப்பும் கிக்கர் இல்லாத ரகம். பெட்டரி செத்தால் வண்டியும் செத்தது. தள்ளிக் கிளப்பலாம் என்றால் லயத்திலிருந்து ரோடு வரை ஒரே ஏற்றம்.

இரண்டு காலையும் ஒரே கூத்து. முதல்நாள் மாலை ஜம்மென்று வந்து நின்ற வண்டி, விடிந்ததும் 'டிக்' என்றது. அதோடு சரி. ஆட்களைக் கூப்பிட்டு ஏற்றத்தில் தள்ளி, மேலே போய் இறக்கத்தில் உருட்டிக் கிளப்பி, வியர்வையும் சேறுமாய்ப் போய் நின்றபோது நிர்வாகி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"தோட்டத்துல இருந்து வாறவங்களுக்கு டைம் கஷ்டம்னு தெரியும் மிஸ். அதனாலதான் எடுக்கிறப்பவே யோசிச்சேன்."

யோசித்தாராம். லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை என்று எனக்குக் கோயிலில் மாலை போட்டார்கள். பட்டத்தோடு மூன்று வருடம் வீட்டில் இருந்தபோது, அதே மாலை போட்டவர்கள்தான் "படிச்சு என்னத்தக் கிழிச்சா" என்றார்கள். இந்த வேலை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை.

முதல்முறை பிந்திய அன்று மாலையே பசறையில் பர்ஹானின் கராஜில் வண்டியை நிறுத்தினேன். பர்ஹான், என் அண்ணனின் கூட்டாளி; முஸ்லிம்களுக்கு அண்ணன் 'நானா' என்பதால் நானும் அவரை அப்படியே கூப்பிடுவேன். வண்டியைத் தொடாமலே நோயைச் சொன்னார்.

"குளிர், மிஸ். மடுல்சீமக் குளிருக்கு பெட்டரி நிக்காது."

"நுவரெலியால யாரும் பைக் ஓட்டுறதில்லையா?"

"அது வேற குளிர்."

புதுப் பெட்டரி ஒன்றைப் பூட்டி அனுப்பினார். புறப்படும்போது, "எதுக்கும் அண்ணனோட ஒருக்கா கதைச்சுப் பாருங்களேன்" என்றார், துணியால் கையைத் துடைத்துக்கொண்டே. பொம்பளைப் பிள்ளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்கிறார் என்று நினைத்து முறைத்துவிட்டு வந்தேன். அவர் சொன்னது அதுவல்ல என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தப் புதுப் பெட்டரியும் வெள்ளிக்கிழமை காலை 'டிக்' என்றது. இரண்டாம் முறை.

அன்று மாலை கொதிப்பு அடங்கிய பிறகுதான் படித்த மூளை வேலை செய்தது. இரவு பெட்டரியின் கம்பியைக் கழற்றி வைத்தேன். சனி காலை மீட்டரை வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட், இறங்கவே இல்லை. ஆக, பெட்டரி யோக்கியன். கம்பியை மாட்டி எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். பதினாலைத் தாண்டியது. ஆக, சார்ஜும் ஒழுங்காக ஏறுகிறது. சாவியை எடுத்த பிறகு எதுவோ இருந்து குடிக்கிறது.

ஆனால் ஒன்று உதைத்தது. பதுளையில் பகல் முழுக்க மதிலோரம் நிற்கும் வண்டி மாலையில் ஒரே அழுத்தில் கிளம்புகிறது. லயத்தில் மட்டும்தான் சாகிறது. குடிக்கிறவன் இங்கே வந்துதான் குடிக்கிறானா?

ஞாயிற்றுக்கிழமை சீட்டைக் கழற்றினேன். பெட்டரிக்கும் வண்டிக்கும் நடுவில் மீட்டரை வைத்தால், சாவி இல்லாமலே இருநூற்று நாற்பது மில்லி அம்பியர் ஓடுகிறது. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எண் அசையவில்லை. பியூஸுக்கு முன்னாலேயே எவனோ பின்வாசல் வைத்திருக்கிறான். கம்பியைத் தடவிக்கொண்டே போனேன். டாங்கிக்கு அடியில், கறுப்பு டேப் சுற்றி, தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதில் ஒரு சிவப்பு விளக்கு வெட்டி வெட்டி எரிந்தது. உள்ளே ஒரு சிம். வண்டி எங்கே நிற்கிறது என்று எங்கேயோ உள்ள ஒரு போனுக்குச் சொல்லும் சாதனம்.

அதிலிருந்து போன கம்பிகளை வெட்டினேன். சிவப்பு, எப்போதும் உயிருள்ள கம்பியில். மஞ்சள், சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் கம்பியில். கறுப்பு, வண்டியின் இரும்புச் சட்டத்தில். நல்ல கைவேலை. யாருடைய கை என்று சொல்லத் தேவையில்லை.

பெட்டரி, பெட்டி, மீட்டர் மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறினேன். எங்கள் லயத்துக்குச் சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். மேலே போய் மீட்டரோடு சேர்த்து இரண்டையும் இணைத்தேன். சிவப்பு விளக்கு கொஞ்ச நேரம் துடித்தது. விளக்கு பச்சையானது. இருநூற்று நாற்பது, இருபத்தைந்துக்கு இறங்கியது.

விளங்கிவிட்டது. பதுளையில் டவர் கிடைத்ததும் தகவலைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறது. எங்கள் பள்ளத்தில் டவர் இல்லை. விடிய விடிய டவரைத் தேடித் தேடி என் பெட்டரியைத் தின்றிருக்கிறது. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி என்ற சொல்லே கண்காணி என்பதிலிருந்து வந்ததுதான். எங்கள் லயத்துக் கங்காணியாவது இரவில் தூங்குவார்.

அங்கிருந்தே அண்ணனுக்கு எடுத்தேன்.

"அண்ணே, பைக்குல பெட்டி வச்சது நீயா?"

"போன வாரம் சேர்விஸுக்கு விட்டப்ப பர்ஹான்தான் பூட்டினான். ஒன் நல்லதுக்குத்தான் சுதா."

"கட்டார்ல இருந்துக்கிட்டு, கங்காணி பேர் கூப்பிடுற மாதிரி எனக்குப் பெரட்டு எடுக்கிறியா?"

"ரோட்டுல நிக்கிறவன் எல்லாம் எனக்குப் போன் பண்ணிக் கேக்குறான், ஒன் தங்கச்சி தனியா எங்க சுத்துறான்னு. நான் என்ன பதில் சொல்ல? செவ்வாக்கெழம பண்டாரவளையில முக்கா மணி நேரம் நின்னியே, யாரு கூட?"

"பல்லு டாக்டர் கூட. கடவாய்ப் பல்லு ஒண்ணு புடுங்கினாரு. வச்சிருக்கேன், பார்சல் பண்ணவா?"

"வாய் கூடிருச்சு ஒனக்கு. படிக்க வச்சது என் தப்பு."

"இந்தப் பெட்டியால நாளைக்கும் பிந்தினா எனக்கு வேலை போயிரும்ணே. அது தெரியுமா ஒனக்கு?"

"போனாப் போகட்டும். பைக் என் பேர்ல இருக்கு. பெட்டியத் திரும்பப் பூட்டு. இல்லாட்டி வண்டியத் தொடாத."

நான் பூட்டவில்லை. பெட்டரியை மட்டும் வண்டியில் வைத்தேன்.

ஞாயிறு மாலைகளில் அம்மா கோயில் மேட்டுக்குப் போய் அண்ணனோடு பேசுவது வழக்கம். அன்றும் போய்வந்தாள். சோற்றைப் போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கள் காலை மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு புள்ளி ஆறு. ஒரு சொட்டு இறங்கவில்லை. சாவியை எடுக்கத் திரும்பினால் ஆணியில் சாவி இல்லை.

அம்மா காலைப் பெரட்டுக்கு, பெயர் கொடுத்து வேலைக்கு இறங்க, போயிருந்தாள். ஓடினேன். களத்தில் பொம்பளைகள் கூடையோடு நிற்க, ரெங்கசாமி கங்காணி கொப்பியைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சாரியும் செருப்புமாய் மூச்சிரைக்க வந்து நின்ற என்னைப் பார்த்ததும் அவருக்கு விடிந்தது.

"என்ன சுதா, பேர் குடுக்க வந்தியா?"

வரிசையில் சிரிப்பு. "பட்டதாரிக்கும் ஒரு கூடை குடுங்க கங்காணி" என்றாள் ஒருத்தி.

"அம்மா, சாவியக் குடு."

"என்ன சாவி? நான் பாக்கல." அம்மாவின் கை மட்டும் இடுப்பு முடிச்சுக்குப் போய்த் திரும்பியது.

"எட்டு மணிக்கு நான் அங்க நிக்கணும்மா. இன்னைக்குப் பிந்தினா வேலை இல்ல. ஒனக்குத் தெரியும்ல?"

"அண்ணன் வேணாங்கிறான்டி." கங்காணியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "ஆம்பளப் புள்ள சொல்றான். நான் என்ன செய்ய?"

முப்பது பேருக்கு முன்னால் அவள் இடுப்பில் கை வைத்து முடிச்சை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. அதைவிட மோசமாக ஒன்றைச் செய்தேன்.

"காலம் பூராவும் கங்காணிக்குப் பயந்தே கொழுந்து எடுத்த. இப்ப நீயே கங்காணி ஆயிட்ட."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அம்மா கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்தாள். நான் திரும்பி நடந்தேன்.

மணி ஆறு இருபது. சீட்டு முந்தின நாளிலிருந்து கழற்றியபடியே கிடந்தது. வண்டிக் கழுத்தை நான் பூட்டுவதில்லை. டாங்கிக்கு அடியில் நான் வெட்டி டேப் சுற்றி விட்டிருந்த இரண்டு முனைகளைப் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளும். எப்போதும் உயிருள்ள கம்பியும், சாவி போட்டால் உயிர் வரும் கம்பியும். அண்ணன் காசில், பர்ஹான் கையால், என்னைக் காவல் காக்கப் பதித்த கம்பிகள். நுனியைச் சுரண்டி இரண்டையும் முறுக்கினேன். மீட்டர்ப் பலகையில் விளக்கு வந்தது. சீட்டை அதன் இடத்தில் அமர்த்திவிட்டுப் பட்டனை அழுத்தினேன்.

ஒரே அழுத்து.

கம்பி மெல்லியது, சூடேறும். பதுளை வரை தாங்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். களத்தைக் கடக்கும்போது எல்லோரும் திரும்பினார்கள், அம்மாவைத் தவிர.

பசறையில் பர்ஹான் கதவைப் பாதி தூக்கியிருந்தார். எஞ்சினை நிறுத்தாமல், பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் கண் சாவித் துளைக்குப் போனது. அதில் சாவி இல்லை.

"மிஸ், அவன்தான் கெஞ்சிக் கேட்டான்..."

"இதுக்குக் குளிரும் பர்ஹான் நானா. எதையாவது போர்த்தி விடுங்க."

ஏழு ஐம்பத்திரண்டுக்கு வகுப்பறைக் கதவைத் திறந்தேன். நிர்வாகி மணிக்கூட்டைப் பார்த்தார், என் கரிபிடித்த விரல்களையும் பார்த்தார், தன் அறைக்குத் திரும்பினார். அன்று பாடம் மின்னோட்டம்தான். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, பாடத்திட்டப்படி அதுதான் வரிசை.

இரண்டு மாதமாகிறது. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. வண்டியை விற்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். வந்துதான் விற்க வேண்டும். அம்மாவும் நானும் தேவைக்கு மட்டும் பேசுகிறோம். சில இரவுகளில் என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் சாவியை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறாள். நான் தொடுவதில்லை. காலையில் அதைத் திரும்ப முடிந்துகொண்டு பெரட்டுக்குப் போகிறாள்.

சீட்டுக்குக் கீழே தடித்த கம்பி போட்டு, சின்னதாய் ஒரு சுவிட்சும் பூட்டிவிட்டேன்.