மூன்று குண்டுகளுக்குப் பிறகு

அலர்மேல்மங்கைக்கு ஐம்பத்திரண்டு வயது. வங்கி வேலையையும் பெங்களூர் டிராஃபிக்கையும் சமாளித்துவிட்டு, சனிக்கிழமை தவறாமல் ரைஃபிள் கிளப்புக்கு வந்துவிடுவாள். அவளுடைய ரைஃபிள் வேட்டைக்கென்று செய்யப்பட்டது. ஆனால் அவள் கையில் அது கொன்றதெல்லாம் காகித வட்டங்களைத்தான்.

நாலு வருஷமாகச் சொன்னபடி கேட்ட துப்பாக்கி, போன வாரம் திடீரென்று முறுக்கிக்கொண்டது. நடுவில் விழவேண்டிய குண்டுகள் மேலே, வலது பக்கமாக ஊர் சுற்றப் போயின. கிளப் அணியில் நாலாவது இடம் அவளுடையது. இன்று மாலைக்குள் பத்துக் குண்டில் தொண்ணூறு புள்ளி எடுக்காவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

"கண்ண டெஸ்ட் பண்ணிக்குங்க மேடம். வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்," என்றார் கிளப் செயலாளர் வெங்கடசுப்ரமணியன். அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பயமாகவும் இருந்தது. ஒருவேளை நிஜமாகவே கண்தானோ?

குறிபார்க்கும் டெலஸ்கோப்பின் திருகுகளைப் பார்த்தாள், ஆடவில்லை. தோட்டாவை மாற்றினாள், பலனில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, அணியில் முதலிடத்தில் இருந்த ஸ்னேஹாவைக் கூப்பிட்டாள்.

"இதுல அஞ்சு குண்டு சுடேன், பாக்கலாம்."

முதல் மூன்றும் நடுவில். நாலாவதும் ஐந்தாவதும் மேலே, வலது பக்கம்.

"ஆன்ட்டி, எனக்கும் அதே கதைதான்! உங்க மேல தப்பே இல்ல."

அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அலர்மேல்மங்கைக்கு. சந்தோஷத்தில் மூளையும் ஓடத் தொடங்கியது. மூன்று குண்டு ஒழுங்கு, பிறகு அடாவடி. அப்படியென்றால் குழல் சூடானதும் எதிலோ இடிக்கிறது. குழலுக்கும் அதைத் தாங்கும் அடிக்கட்டைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கவேண்டும். கைப்பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து முனையிலிருந்து அந்த இடைவெளிக்குள் நகர்த்தினாள். பாதி வழியில் நின்றுவிட்டது. மறுபடி தள்ளினாள், அதே இடம்.

இரண்டு திருகையும் கழற்றிக் கட்டையைப் பிரித்தாள். உள்ளே மஞ்சளாக ஒரு கட்டி, காய்ந்து கல்லாகி, அதன் தலையில் குங்குமம்.

ஆயுத பூஜை! அன்று கணவன் கேசவ், கார், மிக்ஸி, லேப்டாப் எதையும் பொட்டு வைக்காமல் விடவில்லை. உடனே போன் போட்டாள்.

"ஏன்னா, துப்பாக்கிக்கு எவ்ளோ சந்தனம் இட்டேள்?"

"மூணு பொட்டுதான். கொஞ்சம் தண்ணியா இருந்துது, வழிஞ்சுடுத்து. ஏன், சுடலியா?"

"சுடறது. ஆகாசத்தப் பாத்துச் சுடறது!"

அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. மறுநாள் மேலே தெரிந்ததை மட்டும் துடைத்துப் பெட்டியில் வைத்தது அவளேதான். கேன்டீனிலிருந்து பல்குச்சி வாங்கிவந்து, ஒரு துணுக்கு விடாமல் சுரண்டி எடுத்தாள். ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்துத் திருகுகளை முடுக்கினாள். டிக்கெட் இப்போது தங்குதடையில்லாமல் ஓடியது.

தேர்வுக்கான பத்துக் குண்டு. முதல் மூன்றை அவள் பொருட்படுத்தவேயில்லை. நாலாவதற்கு முன்னால் கன்னத்தைக் கட்டையில் சரியாகப் பதித்துக்கொண்டாள். மூச்சை அடக்கி விசையை அழுத்தினாள். நடுவில்! ஐந்தாவதும் நடுவில். பத்தும் முடிந்தபோது காகிதத்தின் மத்தியில் ஒரே ஓட்டைதான் பெரிதாகிக்கொண்டே போயிருந்தது.

வெங்கடசுப்ரமணியன் இரண்டு தடவை எண்ணினார். தொண்ணூற்றேழு. தொண்டையைச் செருமிக்கொண்டு அணிப் பட்டியலை எடுத்தார்.

"அலமேலு மேடம்னு போட்டுடவா?"

"சுருக்காதீங்க சார்," என்றாள், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு. "அலர்மேல்மங்கை. எட்டு எழுத்தும் வரட்டும்."