கொடியில்லாப் பந்தல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பிழையான வாக்கியத்தில் தொடங்கியது.

‘சிவலட்சுமி போட்ட பந்தலில் அவரைக்கொடி பூத்துக் குலுங்கி—’

ஜெயபுரத்தில், அவருடைய குசினி வாசலில் உட்கார்ந்து இதை அவருக்கே வாசித்துக் காட்டினேன். [என் கதாபாத்திரம் அவர்தான். கேட்காமல் எழுதினால் ஏசுவார். கேட்டு எழுதினாலும் ஏசுகிறார்.]

“தம்பி, இது கொடியில்லை, செடி. நிமிந்து நிக்கும். பந்தலைப் பிரியுங்கோ.”

பிரித்தேன். கஷ்டப்பட்டுக் கட்டிய பந்தல் அது.

2

விதை குவைத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு வீட்டில் சிவலட்சுமி சமையல் வேலை செய்தார். காலையில் இந்த அகன்ற அவரையை அவித்து மசித்து, உள்ளியும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து மேசையில் வைப்பார்.* வீட்டார் சாப்பிட்டு எழும்பிய பிறகு, மிஞ்சியதை நின்றபடி வழித்துச் சாப்பிடுவார். இப்போது அவருக்கு ஒரே ஆசை. தன் தோட்டத்தில் விளைந்ததைத் தன் கதிரையில் உட்கார்ந்து முதல் ஆளாகச் சாப்பிட வேண்டும்.

* அங்கே அதற்குப் பெயர் ஃபூல். அவருடைய கணவர் மூக்கன் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார். “உன்ர அரபுக்கொட்டை” என்பார்.

3

மாரி முடிந்து வெயில் ஏறியது. வெள்ளையில் கறுப்புப் பொட்டு வைத்த பூக்கள் வந்தன, வந்த வேகத்தில் கொட்டின. மூக்கன் பாத்தியைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை புடுங்கிப்போட்டு மிளகாய்க் கண்டு வைக்கப்போறன்.”

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ‘மறுநாள் கொத்துக் கொத்தாகக் காய்கள்—’ என்று எழுதினேன்.

“காய்க்காததைக் காய்ச்சதெண்டு எழுதாதேங்கோ. உங்கட காயை நான் எப்பிடி அவிக்கிறது?”

அதையும் வெட்டினேன்.

4

பிறகு அவரே கேட்டார். “அந்தப் பந்தல் கிடக்கோ?”

“எந்தப் பந்தல்?”

“நீங்கள் எழுதி வெட்டினது. வெயிலுக்குத்தான் பூக் கொட்டுது. திருப்பிக் கட்டுங்கோ, மேல கிடுகு போடுவம்.”

வெட்டிய வாக்கியத்தைத் தேடி எடுத்தேன். கொடியை உருவிவிட்டுப் பந்தலை மட்டும் நட்டேன். என் எழுத்தில் எந்தப் பிழையும் இவ்வளவு பயன்பட்டதில்லை. மூக்கன் முணுமுணுத்தபடியே தென்னங்கிடுகு ஏற்றினார். வெள்ளிக்கிழமை வந்து போனது. நிழலில் காய் பிடித்தது.

5

விளைந்தது ஒரு சின்னக் கோப்பைக்குத்தான் காணும். அவிந்துவிட்டது.

முடிவுகள் சில வைத்திருக்கிறேன். ஒன்றில் பாதியை விதைக்கு எடுத்துவைக்கிறார். இன்னொன்றில் பாதியை மூக்கனுக்குக் கொடுக்கிறார். [மூக்கனுக்கு இதுதான் பிடித்திருக்கிறது.] மூன்றாவதில்—

சிவலட்சுமி கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார்.

“வாசிக்கிறவைக்கும் சொல்லுங்கோ தம்பி. நான் சாப்பிட்டு முடியுமட்டும் ஒருத்தரும் முடிவு சொல்ல வேண்டாம்.”

ருசி எப்படியென்று எனக்குத் தெரியாது. மூக்கனும் நானும் நின்றுகொண்டிருக்கிறோம். நீங்களும் வந்து பக்கத்தில் நில்லுங்கள். மிஞ்சினால் உங்களுக்கு.