கை இறங்குவதற்கு முன்

பிலோமினாவின் கை இன்னும் மேலேதான் இருக்கிறது, விரல்கள் விரிந்து, உள்ளங்கை வெயிலைப் பார்த்தபடி, அந்தக் கை இறங்கினால்தான் சுள்ளி விழ வேண்டும், அவர்கள் இருவருக்கும் நடுவே இருந்த பேச்சு அதுதான், கை இறங்கும், சுள்ளி முன்னங்கால் மடங்கிச் சரிவாள், கண்ணைத் திறந்தபடியே செத்துக் கிடப்பாள், பிலோமினா நாக்கைச் சொடுக்கினால் எழுந்து வாலை ஆட்டுவாள், ஆனால் கை இறங்கவில்லை, உப்புப் பாத்தியின் வெள்ளையில் சுள்ளி விழுந்துவிட்டாள், அன்றிலிருந்து அந்தக் கை இறங்கவே இல்லை, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதும், மாதவரம் வீட்டுக் கொடியில் துணி போடும்போதும், மேலே போன கை ஒரு கணம் அங்கேயே நின்றுவிடுகிறது, யாராவது பார்த்தால் என்னக்கா தோள்பட்டை வலியா என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவாள்.

சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் நாய் பழக்கித் தருவது அவள் பிழைப்பு, அவளிடம் இருப்பவை விப்பெட் என்கிற சீமை வேட்டைநாய் இனம், முதுகு வளைந்து, வயிறு முதுகோடு ஒட்டி, விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருக்கும், படப்பிடிப்புக்குக் கூட்டிப்போனால் ஒருவர் இது நம்மூர் சிப்பிப்பாறை நாய் தானேக்கா என்பார், இன்னொருவர் ஏன்க்கா சோறே போடறதில்லையா என்பார், அவள் சிரித்து வைப்பாள், தீக்குச்சி போல ஒரே மூச்சில் எரிந்து தீர்கிற இனம் இது, ஓர் ஓட்டம் ஓடிவிட்டால் நிழல் வேண்டும், ஈரத்துணி வேண்டும், மிச்ச நாளெல்லாம் மெத்தை தேடிப் படுத்துக் கிடக்கும், இதைத்தான் அன்று மரக்காணத்து உப்பளத்தில் இயக்குநர் அருள்வாசகனிடம் சொன்னாள், அவர் அப்போது வெள்ளிவிழா இயக்குநர், குடைக்குக் கீழே நாற்காலி, கையில் இளநீர், வில்லன் சுடுகிறான், எஜமானைத் தேடி ஓடி வரும் நாய் பாதி வழியில் விழுந்து சாகிறது, அதுதான் காட்சி, ஓட்டம் நன்றாக வந்தால் மேகம் சரியில்லை, மேகம் சரியானால் ஃபோகஸ் சரியில்லை, ஒன் மோர் ஒன் மோர் என்று அவர் வாயிலிருந்து அந்த இரண்டு சொல் வந்துகொண்டே இருந்தது, சார் இதுக்கு மேல தாங்காது சார், நாக்கப் பாருங்க சார் நெறம் மாறுது, அவர் நாக்கைப் பார்க்கவில்லை, மானிட்டரைப் பார்த்தார், ஏம்மா நாய் ஓடாம பின்ன என்னம்மா பண்ணும், நாய் வேஷம் போட்டா குலைச்சுத்தான் ஆகணும், இது நெஜ நாயே, ஒன் மோர், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், பெரியவர் ஜோக் சொன்னால் சிரிக்காமல் எப்படி. சுள்ளிக்காக ஈரத்துணி ஊறப் போட்டிருந்த பக்கெட் ஃபிரேமுக்குள் வருகிறதென்று அதையும் யாரோ தூக்கி வண்டிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள், பிறகு சுள்ளி ஓடினாள், அவள் பிலோமினாவின் கையைப் பார்த்துக்கொண்டுதான் ஓடினாள், கேமராவையோ ஹீரோவையோ அவள் ஒருநாளும் பார்த்ததில்லை, கை மேலே இருக்கும்போதே விழுந்தாள், பிலோமினா கத்தினாள், பின்னாலிருந்து ஒரு கை அவள் வாயைப் பொத்தியது, கத்தாதீங்கம்மா சவுண்டு ரோல்ல இருக்கு, உங்க குரல் பதிவாயிடும், கேமரா மெல்ல மெல்ல நெருங்கிப் போனது, அவர் உடனே கட் சொல்லவில்லை, சொன்ன பிறகு எல்லோரும் கை தட்டினார்கள், அவள் நாக்கைச் சொடுக்கினாள், திரும்பவும் சொடுக்கினாள், சுள்ளியின் திறந்த கண்ணில் ஓர் உப்புக்கல் ஒட்டியிருந்தது, கண் சிமிட்டவில்லை.

படம் வந்தது, பாவி மகள் பிலோமினா தியேட்டருக்குப் போய் உட்கார்ந்தாள், போகாமல் இருந்திருக்கலாம், போனாள், முதலில் கறுப்புத் திரையில் இந்தப் படத்தில் எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்று எழுத்து வந்தது, பக்கத்தில் ஓர் ஆள் பாப்கார்ன் மென்றுகொண்டிருந்தான், பிறகு சுள்ளி ஓடி வந்தாள், விழுந்தாள், பக்கத்து ஆள் மெல்லுவதை நிறுத்திவிட்டு த்சொ த்சொ என்றான், கிராபிக்ஸ்தான்டா மச்சான் என்றான் அவனுக்கு அந்தப் பக்கம் இருந்தவன், அவள் எழுந்து நின்றாள், உட்காரும்மா மறைக்குது என்றார்கள், உட்கார்ந்தாள், அந்த இருட்டில்தான் அது அவளுக்குள் இறங்கியது, அழுகையில்லை, அழுகையென்றால் அழுது தீர்த்திருக்கலாம், வஞ்சம் அது, நாயைவிட நல்ல மோப்பமுள்ளது, காத்திருக்கத் தெரிந்தது, வீட்டில் சுள்ளியின் மகள் மிளகு அப்போது செருப்பு கடிக்கிற வயது, அவளுக்குச் சோறு போடும்போதும் கையைத் தூக்கி இறக்கிப் பழக்கும்போதும் பிலோமினா பக்கத்தில் அதுவும் உட்கார்ந்திருந்தது.

சில வருஷம் போனது, அக்கா ஒல்லியா ஒரு நாய் வேணும்க்கா என்று விளம்பரப்பட இயக்குநர் தருண் போனில் கூப்பிட்டான், இப்போதைய பிள்ளை, மரியாதையான பிள்ளை, மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரம்க்கா, தாத்தா கைத்தடியத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வரார், நாய் தாவி அவர் கையில ஏறுது, தாத்தா யாருப்பா என்றாள், நம்ம அருள்வாசகன் சார்தான்க்கா, டைரக்‌ஷன விட்டுட்டு இப்ப நடிக்கிறார்ல. அவள் குரல் தேனாக வந்தது, ஆச்சரியம்தான், எங்க எடுக்கிறீங்க தம்பி, இன்னும் முடிவாகலக்கா என்றான், பின்னால வெள்ளையா இருந்தா நாய் நல்லா எடுப்பாத் தெரியும் தம்பி, மரக்காணத்துப் பக்கம் உப்பளம் இருக்கு பாருங்க என்றாள், செமக்கா என்றான், அப்புறம் தம்பி, மிளகு காலைல வேலை செய்ய மாட்டா, உச்சி வெயில்தான் அவளுக்கு மூடு, பச்சைப் பொய், எந்த விப்பெட்டும் உச்சி வெயிலில் நிழலை விட்டு நகராது, ஆனால் சினிமாவில் நாய் பழக்குகிறவள் நாயைப் பற்றிச் சொன்னால் அது வேதம், ஹீரோவின் மூடைக்கூடக் கேள்வி கேட்பார்கள், நாயின் மூடை யாரும் கேட்க மாட்டார்கள்.

வெயில் தலைக்கு நேரே நிற்கிறது, அதே வரப்பு, அதே வெள்ளை, அவர் வேனிலிருந்து இறங்குகிறார், தாடி நரைத்து, தொந்தி முன்னால் வந்து, அவளைப் பார்த்து நல்லாருக்கியாம்மா என்கிறார், எல்லோரையும் கேட்கிற மாதிரி, அடையாளம் தெரியவில்லை, மிளகின் தலையைத் தட்டுகிறார், ஏம்மா எம் படத்துல ஒரு நாய் சாகும் பாத்திருக்கியா, தமிழ்நாடே அழுதுச்சு, நாய்க்கிட்ட நடிப்பு வாங்குறது லேசுப்பட்ட காரியமா, பாத்திருக்கேன் சார் என்கிறாள், அவ பேரு என்ன சார், யாரு பேரு, அந்த நாய் பேரு, அவர் யோசிக்கிறார், நிஜமாகவே யோசிக்கிறார், பிறகு சிரிக்கிறார், நாய்க்கு என்னம்மா பேரு, நாய்தான். சரி சார் என்றாள், அதுவரைக்கும் அவளுக்குள் ஒரு மூலையில் இருந்த தயக்கம் அத்தோடு போனது. மிளகை வரப்பின் கோடியில் உட்கார வைத்தாள், டேக் இல்லாத நேரமெல்லாம் அவளுக்குக் குடை, ஈரத்துணி, தண்ணீர், பக்கெட்டைத் தன் காலுக்கடியிலேயே வைத்துக்கொண்டாள், இதை எவனாவது தொடட்டும் பார்க்கலாம், மிளகு ஓட வேண்டியதில்லை, ஓட வேண்டியவர் அவர், தடியை எறிந்துவிட்டு அவர் ஓடி வந்தார், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரிய, அவர் கிட்டே வந்ததும் பிலோமினா கையை இறக்கினாள், மிளகு பொத்தென்று செத்து விழுந்தாள், யூனிட்டே குலுங்கிச் சிரித்தது, உங்க முகத்தப் பாத்ததும் போய்டுச்சு சார் என்றான் லைட்மேன், அவரும் சிரித்தார், முதல் தடவை. வாயில்லா ஜீவன் தம்பி, அதுக்கு எப்ப மூடு வரும்னு யாரு கண்டா என்றாள் பிலோமினா, பரவால்லக்கா, சார் ஒன் மோர் என்றான் தருண், அவர் திரும்பி வரப்பின் அந்தக் கோடிக்கு நடந்தார், ஓடி வந்தார், கை இறங்கியது, நடந்தார், ஓடி வந்தார், சிரிப்பு நின்றுபோனது, சட்டை முதுகோடு ஒட்டியது, மேக்கப் வழிந்தது, ஏன்டா நாயி எனக்கா விளையாட்டுக் காட்டுற என்று ஒரு தடவை கத்தினார், தைலத்து முதலாளி மானிட்டர் பக்கம் உட்கார்ந்திருந்தார், அவருக்கு முன்னால் முடியவில்லை என்று சொல்ல மூட்டுவலி தீர்ந்த தாத்தாவுக்கு வாய் வரவில்லை, ஒன் மோர் சார், ஒன் மோர், அந்தச் சொல் அவர் மேல் விழும்போதெல்லாம் பிலோமினாவுக்கு இனித்தது, பொய் எதற்கு, வெல்லம் மாதிரி இனித்தது, சாகட்டும் என்று நினைத்தாளா, நினைத்தாள்.

கடைசி ஓட்டத்தில் அவர் பாதி வழியிலேயே தள்ளாடுகிறார், அவள் கை மேலே இருக்கிறது, விரல்கள் விரிந்து, உள்ளங்கை வெயிலைப் பார்த்தபடி, அவர் வாய் திறந்திருக்கிறது, முகம் சிவப்பு போய் வெளுத்திருக்கிறது, மிளகுக்கு ஓர் எட்டு முன்னால் முழங்கால் மடங்கிச் சரிகிறார், உப்பில் கன்னம் அழுந்த விழுகிறார், செமயா பண்றார்ல, கட் சொல்லாதீங்க ரோல் ஆகட்டும் என்று தருண் கிசுகிசுக்கிறான், கேமரா மெல்ல நெருங்குகிறது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பிலோமினாவுக்கு மட்டும் தெரிகிறது, கை இறங்குவதற்கு முன் விழுந்தால் அது நடிப்பில்லை. அவள் அசையவில்லை, அசையக் கூடாது என்று எவரும் வாயைப் பொத்தவில்லை, அவளாகவே நின்றாள், இப்படியே நின்றால் போதும், கணக்கு தீர்ந்தது, யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் செத்தவனிடம் போய் எதைச் சொல்ல, கேட்க அவனுக்குக் காது வேண்டுமே, பக்கெட்டை எடுக்கக் குனிந்தாள், அப்போது கை இறங்கியது, மிளகு, நல்ல பிள்ளை, சொன்னபடி சரிந்து அவர் முகத்துக்கு நேரே முகம் வைத்துச் செத்துக் கிடந்தாள், கண் திறந்தபடி.

ஈரத்துணியை அவர் கழுத்தில் போட்டாள், அக்குளில் திணித்தாள், மிச்சத் தண்ணீரைத் தலையில் கொட்டினாள், கேமரா ஓடிக்கொண்டே இருந்தது, அவர் கண் திறந்ததும் முதலில் தெரிந்தது உப்பில் கிடந்த அந்த முகம்தான், ஏம்மா, இது செத்துருச்சா என்றார், பார்க்கட்டும் என்று அவள் விட்டாள், அவர் பார்த்தார், பார்க்கப் பார்க்க அவர் கண்ணுக்குள் என்னவோ பின்னோக்கிப் போனது, உப்பளம், குடை, இளநீர், வாய் பொத்தப்பட்ட ஒருத்தி, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார், நீ அந்த, என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை, என்னால முடியலம்மா, விட்டுடு. அவ பேரு சுள்ளி சார், என்றாள் பிலோமினா அவர் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில், அவளும் இதையேதான் சொன்னா, நாக்க வெளிய போட்டுச் சொன்னா, நீங்க ஒன் மோர்னீங்க. அவர் கண்ணை மூடிக்கொண்டார், தண்ணீரா கண்ணீரா என்று அவள் பார்க்கவில்லை, நிமிர்ந்து நாக்கைச் சொடுக்கினாள், மிளகு துள்ளி எழுந்து உப்பை உதறிவிட்டு வாலை ஆட்டினாள், சத்தம் கேட்டுக் கண் திறந்தவர், எந்திரிச்சிருச்சு, எந்திரிச்சிருச்சும்மா, என்றார் குழந்தை மாதிரி. இவ எந்திரிப்பா சார், இவளுக்கு நான் கைய இறக்குனேன், என்றாள் அவள், அப்போதுதான் பின்னாலிருந்து யாரோ கட் என்றார்கள்.