நெலியின் பைக்கு அரை டிக்கெட்

மார்ச் மாதம் பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை காலையில், முந்தின மாதம் நெலி சேற்றில் புதைந்துபோயிருக்க, அவளுடைய புத்தகப் பை தானாக வந்து நான்காம் வகுப்பின் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தது. ஒன்பது வயதுப் பெண்ணின் முதுகு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், நடைக்கு ஏற்ற மாதிரி லேசாக ஆடிக்கொண்டு வந்தது. மணி அடித்துச் சற்று நேரம் ஆகியிருந்ததால் வாசலில் நின்றது. தொனாத்திலா டீச்சர் தலையசைத்த பிறகுதான் உள்ளே நுழைந்தது. உடல் கிடைக்காததால் இறப்புச் சான்றிதழ் வரவில்லை, சான்றிதழ் வராததால் வருகைப் பதிவில் பெயரை அடிக்கவில்லை. டீச்சர் அந்தப் பெயரையும் கூப்பிட்டார். பைக்குள்ளிருந்த பென்சில் டப்பாவின் ஜிப் ஒருமுறை திறந்து மூடிய சத்தம் கேட்டது. டீச்சர் வந்ததாகக் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார். அன்றைக்கு ஊரில் உருளைக்கிழங்கு விலை ஏறியிருந்தது. மதியம் எல்லோரும் பேசியது அதைப் பற்றித்தான்.

எங்கள் மலையூர் ரூமிவில்காவில் பிப்ரவரி மாதம் என்றால் பசை வாசனை. பள்ளியிலிருந்து வரும் பட்டியலில் ஸ்கேல், பென்சில் டப்பா, பேனா ஸ்டாண்டு, பாடத்துக்கு ஒரு நிறத்தில் அட்டை போட்ட நோட்டுகள், சோப்பு, கழிப்பறைத் தாள் என்று எல்லாம் இருக்கும். கீழே பட்டணத்துக் கடைகளில் இதெல்லாம் கிடைக்கும். ஆனால் சுரங்கத்துச் சம்பளத்தில் அந்தக் கடைக்குள் நுழைய முடியாது. அதனால் ஊர்ப் பெண்கள் பொதுக்கூடத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தாங்களே செய்தார்கள். கழிப்பறைத் தாளை மட்டும் செய்ய முடியவில்லை. சுரங்க அலுவலகம் தூக்கிப்போடும் காகிதங்களின் வெற்றுப் பக்கத்தை வெளியே மடித்து நோட்டாகத் தைத்தார்கள். மொழிக்குச் சிவப்பு அட்டை, கணக்குக்கு நீலம், இயற்கைக்குப் பச்சை, வேதபாடத்துக்கு மஞ்சள். இது மாறவே கூடாது. உருளைக்கிழங்கு மாவில் காய்ச்சிய பசையில் மிளகாய்த் தூள் கலந்தார்கள், இல்லாவிட்டால் எலி தின்றுவிடும். பால் டின்னுக்குக் கம்பளி நூல் சுற்றினால் பேனா ஸ்டாண்டு. பழப்பெட்டிச் சட்டத்தை இழைத்து, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் கோடு போட்டால் ஸ்கேல். தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி மேசைக்குச் சின்னச் சின்ன இழுப்பறைகள்.

இந்த வேலையில் யூபேமியாவை மிஞ்ச ஆள் இல்லை. அவள் புருஷன் தெற்கே வேறொரு சுரங்கத்துக்குப் போனவன், அங்கேயே வேறொரு குடும்பமும் வைத்துக்கொண்டான். விட்டுப்போன மேல்சட்டையிலிருந்து அவள் ஜிப்பைப் பிரித்தெடுத்து வைத்திருந்தாள். இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களின் அடிப்பாகத்தை வெட்டி, வாயோடு வாய் வைத்து நடுவில் ஜிப்பைத் தைத்தால் பென்சில் டப்பா. இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜிப் கோணிக்கொள்ளும். மகள் நெலி ஆற்றுப் பள்ளத்துக்குப் போய் இரண்டு பாட்டில்கள் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஒன்று மற்றதைவிட ஒரு விரல் பருமன். யூபேமியாவின் கையில் பசை ஒட்டியிருந்தது. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது.

"அளவு தப்புடி. மறுபடி போய் எடுத்துட்டு வா."

"இது போதும்மா. இழுத்து வச்சுத் தைச்சா சரியாயிடும்."

"இழுத்துத் தைக்கிறதுக்கு இது என்ன உன் அப்பன் சட்டையா? போடி."

நெலி போனாள். மலை இறங்கி வந்தது. கீழ்த்தெரு முழுவதும் போயிற்று; கோழிகள், வேலிகள், உபதேசியார் வீடு, ஆற்றுப் பள்ளத்தில் நின்றவர்கள் எல்லோரும். ஊரார் கிடைத்தவர்களைப் புதைத்தார்கள், கிடைக்காதவர்களுக்குச் சிலுவை மட்டும் நட்டார்கள். சேறு இறுகத் தொடங்கியபோது யூபேமியாவின் வாசலில் அதன்மேல் இரண்டு பாட்டில்கள் நின்றிருந்தன. கழுவிவைத்த மாதிரி சுத்தமாக இருந்தன, துளி வித்தியாசமில்லாமல் ஒரே அளவு. யூபேமியா அழவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் குறை சொன்னார்கள். அவள் அந்தப் பாட்டில்களை வெட்டி ஜிப் தைத்தாள். பட்டியலில் பாக்கி இருந்ததையெல்லாம் செய்தாள். சர்க்கரைச் சாக்கில் பை தைத்து, லாமாக் கம்பளியில் பட்டை பின்னி, எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி ஆணியில் மாட்டினாள். பள்ளி திறந்த அன்று ஆணி காலியாக இருந்தது. சாயங்காலம் பை திரும்பி வந்தபோது உள்ளே வீட்டுப்பாடம் இருந்தது.

அதன்பிறகு எல்லாம் மற்றப் பிள்ளைகள் இருக்கிற வீடு போலத்தான். நெலியின் எழுத்து எப்போதும் போல இடப்பக்கம் சாய்ந்தே இருந்தது. பென்சில் கரைந்தது, ரப்பர் தேய்ந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பை உரசி உரசி ஆணியிலிருந்து விழும். பட்டை பற்றவில்லை என்று அர்த்தம். யூபேமியா இரண்டு விரல் கூட்டிப் பின்னுவாள். மகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்பது அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஐந்தாம் வகுப்பில் பட்டணத்திலிருந்து ஓர் அதிகாரி பள்ளியைப் பார்க்க வந்தார். மூன்றாவது பெஞ்சைப் பார்த்துவிட்டு ஆள் எங்கே என்றார். டீச்சர் பையைக் காட்டினார்.

"பை எப்படிம்மா படிக்கும்?"

"நல்லாவே படிக்குது சார். சந்தேகம்னா பக்கத்துல இருக்கானே, அவனைக் கேளுங்க. பரீட்சையில அதைப் பாத்துத்தான் எழுதுறான்."

அதிகாரி, வருகை ஒழுங்கு, சீருடை இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு, ஆட்டுக்கறி சூப் சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புதான் கடைசி. தேறிய பிள்ளைகள் பட்டணத்து உயர்நிலைப் பள்ளிக்குப் போவார்கள். விடுதியில் தங்குவார்கள். அங்கிருந்து கடலோரத்துக்கு வேலைக்குப் போவார்கள். அவர்களில் திரும்பி வந்தவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. சிலர் சவப்பெட்டியில் வந்ததுண்டு. நெலி ஆறாவதுக்கு வந்த பிப்ரவரியில் பொதுக்கூடத்தில் யூபேமியா எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்தாள். அவள் தோழி பிலோமினா நெலிக்கு ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். பிலோமினா எட்டிப் பார்த்தாள். கணக்கு நோட்டுக்கு மஞ்சள் அட்டை போட்டிருந்தது, வேதபாடத்துக்கு நீலம். பென்சில்களின் நுனியில் மட்டும் கரி, உள்ளே வெறும் குச்சி. ஸ்கேலை எடுத்துத் தன் மகனுடையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு என்று போட்டிருந்த இடம் பத்தில் நின்றது.

"கொமாத்ரே, என்ன இது? உன் கைக்கு என்ன வந்துச்சு?"

"கைக்கு ஒண்ணுமில்ல."

"பிள்ளை ஃபெயிலாயிடும்டி!"

"ஆகட்டும். ஃபெயிலானா இங்கேயே இருப்பா. பாஸாயிட்டா அந்த ஆணியைப் பாத்துக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லு."

பிலோமினா ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த வருஷம் மோசமாகப் போயிற்று. டீச்சர் நீல நோட்டு எடு என்றால் பை வேதபாடத்தை நீட்டியது. பென்சில் இரண்டு வரியில் செத்தது. செவ்வகங்கள் குறுகின, முக்கோணங்கள் மூடவே இல்லை. முன்பு பார்த்து எழுதியவன் இப்போது இடம் மாறி உட்கார்ந்தான். செத்தும் முட்டை வாங்குறா பாரு என்று பின் பெஞ்சில் சிரித்தார்கள். சாயங்காலம் பை வீடு திரும்ப நேரமாகத் தொடங்கியது. வரும்போது அடியில் சேறு அப்பியிருந்தது, உள்ளே இரண்டு காலி பாட்டில்கள் இருந்தன. மறுநாளும் இரண்டு. ஒன்று எப்போதும் மற்றதைவிடக் கொஞ்சம் பெரியது. விளையாட்டுப் புத்தி என்று நினைத்து யூபேமியா அவற்றைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கட்டிலுக்கடி நிறைந்தது, பிறகு அடுப்படி நிறைந்தது. நவம்பரில் முதல் மழை விழுந்த அன்று தொனாத்திலா டீச்சர் அவளைத் தேடி வந்தார். நாற்காலியிலும் பாட்டில்கள் இருந்ததால் நின்றுகொண்டே பேசினார்.

"யூபேமியா, பிள்ளையைக் கொஞ்சம் பாரும்மா. கணக்கு ஒண்ணும் தேறல. நானும் தினமும் சொல்றேன், அளவு தப்பு, மறுபடி போட்டுட்டு வான்னு. தலையாட்டுற மாதிரி பட்டையை ஆட்டுது. மணி அடிச்சதும் வீட்டுப் பக்கம் திரும்பாம நேரா ஆத்துப் பள்ளத்துக்கு இறங்குது. மழைக்காலம் பாரு, எனக்கு அது சரியாப் படல."

யூபேமியா கதவைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் என்ன வார்த்தை சொன்னார் என்று இன்னொருமுறை கேட்டாள். அவரும் இன்னொருமுறை சொன்னார். அவ்வளவுதான், அவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். ஆறு பழுப்பாகப் புரண்டுகொண்டிருந்தது. பை தண்ணீருக்கு ஒரு முழத் தூரத்தில், கற்களுக்கு நடுவே தாழ்ந்து தாழ்ந்து தேடிக்கொண்டிருந்தது. குனிகிறாள் என்று தெரிந்தது. மேலே மலை முனகிக்கொண்டிருந்தது. முந்தின முறையும் இப்படித்தான் முனகியது என்று கீழ்த்தெருவில் தப்பியவர்கள் சொல்வதுண்டு. யூபேமியா பட்டையைப் பிடித்து இழுத்தாள். பை திமிறியது. இன்னும் ஜோடி சேரவில்லை.

"போதும், வா! அளவு சரியாத்தான் இருந்துச்சுடி. அன்னைக்கும் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் தப்பாச் சொன்னேன். வாடி கண்ணு, இழுத்துத் தைச்சுக்கலாம்."

பை திமிறுவதை நிறுத்தியது. இருவரும் மேலேறி வந்தார்கள். அன்று சேறு வந்தது, ஆனால் கீழே எடுத்துக்கொண்டு போக ஒன்றும் மிச்சமில்லாததால் சும்மா போயிற்று.

மறுநாள் யூபேமியா, நெலி படுத்த கட்டிலின் சட்டம் ஒன்றைப் பெயர்த்தாள். நெலி போன நாளிலிருந்து அதில் யாரையும் படுக்கவிட்டதில்லை. பள்ளிக்குப் போய் டீச்சரின் இரும்பு ஸ்கேலை வாங்கி, பக்கத்தில் வைத்து, ஆணியைக் காய்ச்சி ஒவ்வொரு கோடாகச் சுட்டாள். அட்டைகளைக் கிழித்து நிறம் மாற்றிப் போட்டாள். உள்வரைக்கும் கரி உள்ள பென்சில்களைக் கடையில் வாங்கினாள். அதற்குக் கோழி ஒன்று போயிற்று. வீட்டிலிருந்த பாட்டில்களில் முதலில் கைக்கு வந்த இரண்டை எடுத்தாள். அளவு பார்க்கவில்லை. வெட்டி, இழுத்துப் பிடித்து ஜிப்பைத் தைத்தாள். ஜிப் கோணலாகத்தான் போயிற்று, ஆனால் மூடியது. டிசம்பர் பரீட்சையில் நெலி எல்லாப் பாடத்திலும் தேறினாள். முடிவு வந்த அன்று பிலோமினா ஒரு பானை மக்காச்சோள பீர் கொண்டுவந்தாள். யூபேமியா ஒரு வாய் குடித்துவிட்டுப் பட்டை பின்ன உட்கார்ந்தாள்.

மார்ச்சில் பட்டணத்துப் பஸ் வந்து நின்றபோது பை வரிசையில் நின்றது. கண்டக்டர் எவாரிஸ்தோ ஏற இறங்கப் பார்த்தான்.

"இது லக்கேஜா, ஆளா?"

"கண்ணு தெரியலையா? ஸ்டூடண்ட். அரை டிக்கெட்" என்றாள் பிலோமினா.

"அட்டை இருக்கா?"

பையின் முன்பக்கம் திறந்து பள்ளி அட்டை வெளியே வந்தது. எவாரிஸ்தோ டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். யூபேமியா கையை ஆட்டவில்லை. பட்டை தோளில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வளைவில் மறைந்ததும் வீட்டுக்குப் போய் ஆணியைப் பிடுங்கப் பார்த்தாள். அது வரவில்லை, விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் ஒவ்வொரு பிப்ரவரியும் அவள் ஒரு செட் செய்து எவாரிஸ்தோவிடம் கொடுத்தனுப்பினாள். அவன் பழைய பட்டைகளைத் திருப்பிக் கொண்டுவருவான். எவ்வளவு கூட்ட வேண்டுமோ அந்த இடத்தில் ஒரு நூல் கட்டியிருக்கும். முதலில் மூன்று விரல், அப்புறம் இரண்டு, ஒரு வருஷம் ஒன்று. சுரங்கம் ஒருமுறை மூடித் திறந்தது. பிலோமினாவின் புருஷன் இருமி இருமிச் செத்தான். கீழ்த்தெருவில் திரும்பவும் யாரோ வீடு கட்டினார்கள். கடைசியாக வந்த பட்டையில் நூலே இல்லை. யூபேமியா இரண்டு முறை தடவிப் பார்த்தாள். பொதுக்கூடத்து வாசலில் எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். உள்ளே பெண்கள் கையை நிறுத்தாமல் காதை மட்டும் கொடுத்தார்கள்.

"அவ்வளவுதாம்மா, இனிமே நீட்ட வேண்டாம். ஸ்கூல் முடிஞ்சிருச்சு. ஞாயித்துக்கிழமை கடலோரம் போற பஸ்ல ஏறுச்சு. அதுவும் என் வண்டிதான். அரை டிக்கெட் இனிமே செல்லாதுன்னு சொன்னேன். சண்டை போடும்னு பாத்தேன், போடல. முழுசாக் குடுத்துச்சு."

யூபேமியா பட்டையைச் சுருட்டி மடியில் வைத்தாள்.

"கூட்டமா இருந்துச்சா? உக்கார எடம் கெடைச்சுதா?"

"ஜன்னல் ஓரம்மா."

யூபேமியா சரி என்று தலையாட்டினாள். பிலோமினாவின் மூத்த மகளுடைய பெண்ணுக்குக் கணக்கு நோட்டு பாக்கி இருந்தது. நீல அட்டையை எடுத்து, மடித்து, பசை தடவினாள்.