நாற்பத்தேழில் முடியும் எண்

முதலில் என் கைபேசியைப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஜன்னல்களைக் காட்டுவோம் என்று ஓட்டல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நான் திரைச்சீலை தைக்கிறவள். ஜன்னலை அளந்து, துணியை வெட்டி, தைத்து, மாட்டிவிட்டு வருவது என் தொழில். இத்தனை வருஷத்தில் என் தையலைப் பார்த்தவர்கள் உண்டு, கத்திரியைப் பார்த்தவர்கள் உண்டு, வாயைப் பார்த்து ஓடியவர்களும் உண்டு. போனைக் காட்டு என்றவர்கள் இவர்கள்தான்.

“ஒவ்வொரு ரூமையும் போட்டோ எடுப்பீங்க. எந்த ஜன்னல் எங்க இருக்கு, தாழ்ப்பாள் எந்தப் பக்கம்னு எல்லாம் அந்தப் போன்ல இருக்கும். அது வேற யார் கைக்காவது போச்சுன்னா நாங்கதான் பதில் சொல்லணும்” என்றார் ஓட்டல் மேனேஜர். போனுக்குப் பூட்டு இருக்க வேண்டும், வேலை சம்பந்தப்பட்டதெல்லாம் தனியாக இருக்க வேண்டும், வெளியாள் யாரும் என் இணையக் கணக்கைத் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும். நாளைக் காலை அவர்களுடைய கம்ப்யூட்டர் பிரிவு அம்மாள் வந்து சோதிப்பாள். சரி என்று அவள் சொன்னால் ஆர்டர் எனக்கு. இல்லையென்றால் அடுத்து நிற்பது பெரிய ரோட்டில் இருக்கும் அந்தப் பெரிய கடை. என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேரை ஏற்கெனவே விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும் கடை. இந்த ஆர்டரும் அங்கே போனால் நான் மெஷினுக்கு உறை போட்டு மூட வேண்டியதுதான்.

போதாக்குறைக்கு, என் பழைய போன் போன வாரம் ஏணி மேலிருந்து விழுந்து செத்துப்போனது. நான் விழவில்லை, அது விழுந்தது. அந்த வீட்டு அம்மாள் “நல்லவேளை, போன்தானே” என்றாள். நல்லவேளையாம்! எந்த வீட்டில் எந்த ஜன்னல், எத்தனை அகலம், எந்தத் துணி, எல்லாம் அதில்தான் இருந்தது. கணக்குக்குள் பத்திரமாகத்தான் இருக்கும், புதுப் போனில் திறந்தால் வந்துவிடும் என்று போன்கடைக்காரர் தைரியம் சொன்னார். சரியென்று அவரிடமே புதுசு வாங்கி, அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “கட்டைவிரலை வைங்கம்மா” என்றார். வைத்தேன். மீண்டும் முயற்சிக்கவும் என்றது போன். ஆள்காட்டி விரலை வைத்தேன். மீண்டும் முயற்சிக்கவும்.

“ஏம்மா, உங்களுக்கு ரேகையே இல்லையே?”

“இருந்துச்சு. ஊசியும் கத்திரியும் தின்னுடுச்சு.”

கடைசியில் மோதிர விரலை ஏற்றுக்கொண்டது. என் கையில் உருப்படியாக ஒரு வேலையும் செய்யாமல் சொகுசாக இருக்கும் விரல் அது ஒன்றுதான். அதற்குப் போய்ச் சாவியைக் கொடுத்திருக்கிறோமே என்று எரிச்சலாக இருந்தது.

பிறகு போனை இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் சொந்தம். ஒன்றின் வாடை இன்னொன்றுக்குப் போகாதாம். ஒவ்வொன்றாகத் தொட்டு, “இது வேலையா, சொந்தமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். கேமரா? வேலை. மெசேஜ்? வேலை. குரல் பதிவு? அதுவும் வேலை. கடைசியில் சொந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஒரு கடிகாரமும் ஒரு டார்ச்சும் இருந்தன.

“இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையேம்மா. பாட்டு, வீட்டு ஆளுங்க போட்டோ, ஏதாவது?”

“இருந்தா வைக்க மாட்டேனா?” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்கள் ஆணியை மட்டும் விட்டுப் போன சுவர் மாதிரி இருந்தது அந்தப் பக்கம்.

அடுத்தது கணக்கு. கடவுச்சொல் சரியாகத்தான் போட்டேன். ஆனால் உள்ளே விடவில்லை. நாற்பத்தேழில் முடியும் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பியிருக்கிறோம், அதைப் போடவும் என்றது.

“நாப்பத்தேழா? உங்க நம்பர் அது இல்லையே?”

அது என் தங்கையின் எண். தொழில் தொடங்கியபோது எங்கள் இருவருக்கும் சேர்த்து இருந்தது அவளுடைய போன் ஒன்றுதான். அதில்தான் கணக்குத் திறந்தோம். அதற்குப் பிறகு எண்ணை மாற்ற வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. கதவு திறக்கிற வரைக்கும் பூட்டைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

“அவங்க இப்ப எங்க இருக்காங்க?”

“பெரிய ரோட்டுல. அந்தப் பெரிய கடையில.”

அவர் கண்ணாடி தானாகவே மூக்குக்கு இறங்கியது. “அம்மா, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. இந்த நம்பர வச்சிருக்கறவங்க மனசு வச்சா, கடவுச்சொல்லையே மாத்திட்டு உள்ள பூந்து உங்க மொத்த கஸ்டமரையும் அள்ளிக்கிட்டுப் போயிருக்கலாம். உங்களால ஒண்ணும் பண்ண முடியாது. அந்த ஆறு நம்பர் கோட வாங்கி உள்ள போனதும் மொத வேலையா இந்த நம்பரத் தூக்கிட்டு உங்க நம்பரப் போடுங்க. ஓட்டல்ல இதத்தான் மொதல்ல பாப்பாங்க.”

புதுப் போனைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பெரிய ரோடு வழியாக வந்தால் சீக்கிரம் வரலாம். நான் எப்போதும்போலப் பின் தெருவில் சுற்றிக்கொண்டு வந்தேன்.

வீடு என்றால் கீழே தையல் அறை, மேலே படுக்கை. வெட்டும் மேஜை நீளமானது, இரண்டு பேர் எதிரெதிரே நின்று துணியைப் பிடிக்கப் போட்டது. இப்போது மறுமுனையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் துணியை அழுத்திக்கொள்கிறேன்.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஏணி மேல் நின்று ஒருத்தி அளவைச் சொல்ல வேண்டும். கீழே இருப்பவள் எழுதிக்கொண்டு அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் மேலே இருப்பவள் “கத்திரி போடலாம்” என்பாள். அந்த ஒரு வார்த்தை வராமல் துணியில் கத்திரி வைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் ஒரு துணியும் வீணானதில்லை. இப்போது நானே ஏறி அளந்து, போனில் பேசிப் பதிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்கிறேன். என் குரல் எனக்கே அளவு சொல்கிறது. நான் தப்பாகச் சொன்னால் அதுவும் அதே தப்பைத்தான் சொல்கிறது. எப்போது கேட்டாலும், கடைசியில் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காது நிற்கும். ஒன்றும் வராது.

அவள் பெரிய கடையில் வேலைக்குச் சேரப்போகிறாள் என்பதே ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. “உங்க தங்கச்சி அங்க போறாங்களாமே, ரொம்ப சந்தோஷம்” என்று அந்த அம்மாள் இளித்துக்கொண்டு நிற்கிறாள், எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா அப்பா இல்லாத வீட்டில் எனக்கு அவள், அவளுக்கு நான். என்னிடம் முதலில் சொல்ல வாய் வரவில்லையா? “இனிமே என் மூஞ்சில முழிக்காதே. போன் கீன் பண்ணேன்னு வையி, நடக்கறதே வேற” என்றேன். பிறந்ததிலிருந்து நான் சொன்ன ஒரு சொல்லைக்கூடக் கேட்காதவள், அதை மட்டும் கேட்டுத் தொலைத்தாள். நாலு வருஷமாகிறது. தப்பு அவள்மேல்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். சொல்லிக்கொண்டே தனியாகச் சாப்பிட்டுத் தனியாகத் தட்டைக் கழுவிவைப்பேன்.

வெட்டும் மேஜை முன்னால் உட்கார்ந்து அவள் எண்ணைப் போட்டேன். அவள் எடுக்காவிட்டால் ஆர்டர் போச்சு. எடுத்துவிட்டுக் கோடு தர மாட்டேன் என்றாலும் போச்சு. அதில் லாபம் அவள் வேலை பார்க்கும் கடைக்குத்தான்.

“சொல்லு” என்றாள். சொல்லுக்கா இல்லை. வெறும் சொல்லு.

“புதுப் போன் வாங்கியிருக்கேன். உன் நம்பருக்கு ஒரு கோடு...”

“மத்தியானமே ஒண்ணு வந்துச்சு. யாரோ உன் கணக்குல கை வைக்கிறாங்கன்னு பயந்துட்டேன். உனக்குப் போன் பண்ணலாமான்னு எடுத்து எடுத்து வச்சேன்.”

“பண்ணித் தொலைச்சிருக்கலாம்ல?”

“நீதானே பண்ணாதேன்ன.”

மேஜையில் கிடந்த குண்டூசிகளை ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தேன்.

“நீ கம்ப்யூட்டர் வாங்கினப்ப ஒண்ணு வந்துச்சு” என்றாள் அவளாகவே. “புதிய கருவியில் உங்கள் கணக்கு திறக்கப்பட்டதுன்னு. அப்பறம் வேற ஏதோ மாத்தினப்ப ஒண்ணு. பரவால்ல, புதுசு புதுசா வாங்கறா, நல்லாதான் இருக்கான்னு நெனச்சுப்பேன். போன வருஷத்துக்கப்பறம் ஒண்ணுமே வரல.”

“அந்தக் கம்ப்யூட்டரும் கெட்டுப்போய் ரொம்ப நாளாச்சு. அதுக்கென்ன?”

“ஒண்ணுமில்ல. ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு இருந்துச்சு. யாருகிட்ட கேக்கறது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்டிப் போட்ட துணித்துண்டு ஒன்றை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். நான் இருக்கிறேனா செத்தேனா என்று பார்க்க இந்த உலகத்தில் ஒரு ஆள் இல்லை என்று எத்தனை நாள் புலம்பியிருப்பேன்! எனக்கு வந்த ஒவ்வொரு புதுப் பொருளும் போய் அவளுக்குச் சேதி சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் அவளைப் பற்றி ஒரு சேதியும் வந்ததில்லை.

“கோட மறுபடி அனுப்பச் சொல்லு, கடையில ஆள் இருக்காங்க” என்றாள் அவள். திரையில் அனுப்பச் சொல்லித் தொட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் பக்கம் டிங்கென்றது.

“எழுதிக்கோ. எட்டு, சைபர், மூணு. அஞ்சு, அஞ்சு, ஒண்ணு.”

“எட்டு, சைபர், மூணு. அஞ்சு, அஞ்சு, ஒண்ணு” என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இலக்கங்கள் திரையில் தயாராக இருந்தன, கீழே உள்ள பொத்தானை அமுக்க வேண்டியதுதான். விரல் அப்படியே நின்றது.

“போட்டியா?”

“இல்ல.”

“ஏன்? கோடு செத்துடும்.”

“நீ இன்னும் சொல்லலையே.”

அந்தப் பக்கம் யாரோ துணி விலை கேட்கும் சத்தம் மட்டும் வந்தது.

“கத்திரி போடலாம்க்கா” என்றாள்.

அமுக்கினேன். கதவு திறந்தது. ஜன்னல்களாக வந்து கொட்டின. சமையலறை ஜன்னல், படிக்கட்டு ஜன்னல், யார் யார் வீட்டுப் படுக்கையறை ஜன்னலோ. மிகப் பழைய படங்களில் ஓரத்தில் அளவு டேப்பைப் பிடித்தபடி அவள் கை இருந்தது. புதிய படங்களில் டேப்பைத் துணி உலர்த்தும் கிளிப் ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது.

“எல்லாம் வந்துடுச்சு” என்றேன். “உன் கைகூட வந்திருக்கு.”

“என்னது?”

“பழைய போட்டோவுல, டேப்பப் புடிச்சுக்கிட்டு...”

“அந்த ஓட்டல் ஆர்டர் உனக்குத்தான் கெடைக்கப்போகுதுன்னு இங்க வயிறெரிஞ்சுக்கிட்டு இருக்காங்க” என்று குறுக்கே பேசினாள், தாழ்ந்த குரலில். “விட்டுடாதே. என் நம்பர அதுலேர்ந்து எடுத்துடு, ஓட்டல்ல ஒத்துக்க மாட்டாங்க. வைக்கிறேன், கூப்பிடறாங்க.”

சாப்பிட்டியா என்று கேட்க நினைத்திருந்தேன். அதற்குள் வைத்துவிட்டாள். அறையில் மறுபடியும் நானும் மெஷினும்தான்.

சொந்தப் பக்கத்தைத் திறந்து அவள் எண்ணைப் பதிந்தேன். கடிகாரம், டார்ச், தங்கை. பிறகு போன்கடைக்காரர் சொன்ன இடத்துக்குப் போனேன். என் எண்ணைச் சேர்த்தேன். அதற்குக் கீழே கேட்டது: நாற்பத்தேழில் முடியும் எண்ணை நீக்கவா?

நாளைக்கு ஓட்டலிலிருந்து சோதிக்க வரும் அந்த அம்மாள் இது யார், வெளியாளா என்று கேட்பாள். கேட்கட்டும். நாலு வருஷம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரிக் கடையில் நின்றுகொண்டு, ஒரு தடவைகூடக் கதவைத் திறக்காதவள் என்று சொல்வேன். அதைவிடப் பத்திரமான ஆள் இருந்தால் காட்டச் சொல்வேன். அதற்கும் மசியாமல் ஆர்டரைப் பிடுங்கிக்கொண்டால்? பயமாகத்தான் இருந்தது. பயந்து விரலை அந்தப் பொத்தான் வரைக்கும் கொண்டும் போனேன்.

பழக்கதோஷம், வாய்விட்டுச் சொன்னேன். “நாப்பத்தேழு.” மேஜையின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டு நானே திருப்பியும் சொன்னேன். “நாப்பத்தேழு.” இஸ்திரிப் பெட்டி சும்மா உட்கார்ந்திருந்தது. காத்திருந்தேன். கத்திரி போடலாம் என்று சொல்ல ஆளில்லை. அதனால் நான் கை வைக்கவில்லை.